வானத்தில் போனவர்களின் வீட்டுப் பெண்கள்



சத்தத்தை வைத்தே விமானத்தை இனங்காணக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். மெதுவாக இரைந்துகொண்டு வந்து பீப்பாய்க் குண்டைத் தள்ளிவிட்டுப் போவது 'சகடை'. தலைக்கு மேலால் கடந்து போன பிறகே சத்தம் வந்து சேருவது 'கிபிர்'. நாள் முழுக்க ரீங்காரமிட்டுக்கொண்டு நிற்கிற வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அட்சரம் படித்த வயதிலேயே இந்தப் பாடத்தையும் படித்து முடித்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். எந்தச் சத்தத்துக்கு ஓடவேண்டும், எந்தச் சத்தத்துக்கு அந்த இடத்திலேயே குப்புறப் படுக்கவேண்டும் என்பதை எங்கள் அம்மாமார் சோறு ஊட்டும்போதே சொல்லித் தந்தார்கள்.

ஆனால் அந்த விமானங்களுக்குள் இருந்தவர்கள் யார் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கக்கூடிய நிலையில் நாங்கள் இருக்கவும் இல்லை. பங்கருக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற தாய்க்கு, மேலே பறக்கிறவனுக்கும் ஒரு வீடு இருக்குமா என்ற யோசனை எப்படி வரும்?

அண்மையில் முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மேலால் ஒரு ஹெலி போனது. பேச்சு தானாக நின்றது. அது போய் மறைந்த பிறகு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சொன்னார்: "அதுக்குள்ளை இருக்கிறதும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே, பிள்ளை." குண்டுவீச்சில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு சகோதரிக்கு அது பொறுக்கவில்லை. "அம்மா, மேலை இருந்து போட்டவனுக்குக் கீழை இருந்த நாங்கள் பிள்ளையளாத் தெரியேல்லைத்தானே?" என்று கேட்டார். அம்மா மறுக்கவில்லை. "ஓம் மோனை, அதுவும் உண்மைதான்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறேன். யாரையும் மன்னிக்கும்படி உங்களிடம் கேட்க நான் வரவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. 1999 செப்டெம்பர் 15ஆம் திகதி புதுக்குடியிருப்பு மந்துவில் சந்தையில் 20க்கும் மேற்பட்ட சனங்கள் குண்டுவீச்சில் செத்ததையும், 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் 50க்கும் மேற்பட்ட பிள்ளைகள், பெரும்பாலும் பாடசாலை மாணவிகள், கொல்லப்பட்டதையும் ஒரு கட்டுரை எழுதி ஆற்றிவிட முடியாது. நான் பேச வந்தது வேறொரு விடயம். வானத்தில் போய்த் திரும்பி வராதவர்களின் வீடுகளில் இருந்த பெண்களுக்கு என்ன நடந்தது என்பதும், அதிலிருந்து எங்களுக்கு என்ன தெரிய வருகிறது என்பதும்தான்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1990களின் தொடக்கத்தில் புக்காரா, 1996இல் இஸ்ரேலின் கிபிர், 2000இல் மிக்-27 என்று இலங்கை விமானப்படை புதிது புதிதாக விமானங்களைக் கொண்டுவந்தது. எதிர்த்தரப்பிடமும் விமான எதிர்ப்பு ஏவுகணை வந்தது. 1995 ஏப்ரல் 28ஆம், 29ஆம் திகதிகளில் பலாலிக்கு அருகே அடுத்தடுத்து இரண்டு அவ்ரோ விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. இரண்டிலுமாக 90க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பின்னர் வன்னியிலேயே, இரணைமடுப் பக்கம் ஓடுபாதை அமைத்து விடுதலைப் புலிகளும் சிறிய விமானங்களைப் பறக்கவிட்டார்கள். 2007 மார்ச் 26ஆம் திகதி அதிகாலை கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின்மீது முதலாவது தாக்குதல் நடந்தது. அதில் விமானப்படையைச் சேர்ந்த 3 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி அநுராதபுரத் தளம் தரையாலும் வானாலும் தாக்கப்பட்டது. உள்ளே புகுந்தவர்களில் சுமார் 20 பேர் இறந்தார்கள். விமானப்படையினரும் இறந்தார்கள். உதவிக்காக வவுனியாவிலிருந்து கிளம்பிய ஒரு ஹெலிகொப்டர் வழியில் விழுந்து, அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு கொழும்புப் பக்கம் போன இரண்டு சிறிய விமானங்களும் திரும்பி வரவில்லை.

விமானப்படை என்றவுடன் எங்களுக்கு விமானி ஒருவரின் முகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு விமானம் பறப்பதற்குக் கீழே எத்தனையோ பேர் வேலை செய்யவேண்டும். இயந்திரம் திருத்துகிறவர், எண்ணெய் நிரப்புகிறவர், குண்டை ஏற்றுகிறவர், வாசலில் காவல் நிற்கிறவர், சமைக்கிறவர். தாக்குதல் வந்தபோது செத்தவர்களில் பலர் இப்படியானவர்கள். படையின் கீழ்நிலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் தெற்கின் கிராமங்களிலிருந்து, வேறு அரச வேலை கிடைக்காமல் போய்ச் சேர்ந்தவர்கள். வறுமை யாரை எந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறது என்பது சமூகவியலில் நான் படித்த பாடங்களில் ஒன்று. வன்னியில் வந்து வேலை செய்தபோது அதன் மறுபக்கத்தையும் கண்ணால் பார்த்தேன்.

இனி ஒரே மாதத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 1998 செப்டெம்பர் கடைசி வாரம்.

செப்டெம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சிச் சமர் தொடங்கியது. இராணுவ முகாம் விழுந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் 'சமரில் காணாமற்போனவர்கள்' என்று அறிவிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச என்ற தாயின் மகன். உடல் வரவில்லை. இறந்துவிட்டார் என்றும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தத் தாய் வீட்டுக்குள் முடங்கவில்லை. காணாமற்போன படையினரின் பெற்றோரை ஒன்றுசேர்த்தார். 2000ஆம் ஆண்டில் தமிழ்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு போரால் பாதிக்கப்பட்ட பெண்கள் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். மற்றத் தாய்மாருடன் வன்னிக்கு வந்து, தன் மகன் யாரோடு போரிட்டானோ அவர்களிடமே பேசினார். ஒவ்வொரு சிப்பாயும் அடையாளத் தகடு அணியவேண்டும் என்று வலியுறுத்திய தாய்மாரில் அவர் முக்கியமானவர். கழுத்தில் ஒரு சிறு தகடு இருந்திருந்தால் எத்தனையோ வீடுகளுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும் என்பது அவர்கள் பட்டு அறிந்த பாடம்.

இரண்டு நாள் கழித்து, செப்டெம்பர் 29ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு வடக்கே கடலுக்கு மேலால் போகும்போது காணாமற்போனது. பயணிகள் 48 பேர், பணியாளர்கள் 7 பேர், மொத்தம் 55 பேர். பயணிகள் தமிழ்ச் சனங்கள். பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கப்பல், அல்லது பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு விமானம். கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் வெளிநாட்டு அலுவலுக்கும் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. இராணுவமும் சனங்களும் ஒரே ஓடுபாதையைப் பாவித்த காலம் அது. அந்த விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்றே பின்னர் சொல்லப்பட்டது. யுத்தத்துக்குச் சம்பந்தமில்லாத சனங்கள் யுத்தத்தின் வானத்துக்குள் போய்த் தொலைந்தார்கள்.

அந்த வீடுகளில் இருந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். சுமார் 14 வருடங்கள். உடல் இல்லை, விமானம் இல்லை. 2012ஆம் ஆண்டில்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் விமானத்தின் பாகங்கள் கண்டெடுக்கப்பட்டன. 2013 ஜனவரியில் கடலிலிருந்து எடுத்த உடைகளை யாழ்ப்பாணத்தில் வைத்து, உறவினர்களை வந்து அடையாளம் காட்டும்படி அழைத்தார்கள். உப்புத் தண்ணீரில் இத்தனை வருடம் கிடந்த சீலைத் துண்டையும் சேர்ட்டையும் பார்த்து, "இது அவருடையதுதான்" என்று சொல்லவேண்டிய நிலை மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் வந்தது.

இரணைதீவு எங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பிரதேசத்தில் இருக்கிறது. 1992இல் இடம்பெயர்ந்த அந்தத் தீவுச் சனங்கள், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி பெண்கள் முன்னுக்கு நிற்க, வள்ளங்களில் ஏறித் தங்கள் ஊருக்குத் தாங்களாகவே திரும்பினார்கள். அவர்களுடைய கடலின் அடியில்தான் இந்த 55 பேரின் கதையும் கிடந்தது.

கிளிநொச்சி மண்ணில் காணாமற்போன சிங்களத் தாயின் மகன், இரணைதீவுக் கடலில் காணாமற்போன தமிழ்க் குடும்பங்கள். இருவருக்கும் இடையே இரண்டு நாளும் சில கட்டைத் தூரமும்தான். இருவரும் ஒருவரையொருவர் அறியார்கள். ஆனால் கதவு தட்டப்படும்போது நெஞ்சு துடிப்பது இரு வீடுகளிலும் ஒரே மாதிரித்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லவேண்டும். படையில் இருந்து இறந்தவரின், காணாமற்போனவரின் குடும்பத்துக்குச் சம்பளமோ ஓய்வூதியமோ கிடைக்கிறது. பெயர் நினைவுத் தூபியில் பொறிக்கப்படுகிறது. எங்கள் பக்கத்தில் போனவர்களின் தாய்மாருக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2009க்குப் பிறகு துயிலும் இல்லங்களின் கல்லறைகளும் இடித்து அகற்றப்பட்டன. பிள்ளையின் பெயர் எழுதியிருந்த கல்லையும் இழந்த தாய்மார் இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். துக்கம் ஒன்றாக இருந்தாலும் துக்கப்படுவதற்கான இடம் சமமாகக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் 'எல்லாத் தாயும் ஒன்றுதான்' என்று மட்டும் பேசினால் அது அரைவாசி உண்மை.

பெயர் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காலத்து உதாரணம் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. வவுனியா விமானத் தளம் இந்த உள்நாட்டு யுத்தத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை பாவித்த தளம் அது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய பிறகு இலங்கையின் வான் பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது. வவுனியாவிலிருந்து பியூஃபோர்ட், பியூஃபைட்டர் விமானங்கள் கடலுக்கு மேலால் காவல் பறந்தன. இலங்கையிலிருந்து கடலுக்கு மேலால் போன எல்லா விமானங்களும் திரும்பி வரவில்லை. இருபது, இருபத்திரண்டு வயதுப் பொடியன்கள். அவர்களின் தாய்மார் இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தந்திக்காரனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

உடல் கிடைத்தவர்களில் சிலர் திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் கிடக்கிறார்கள். உடல் கிடைக்காதவர்களை என்ன செய்தார்கள் தெரியுமா? சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரு நினைவிடம் எழுப்பி, கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்தார்கள். தரைப்படையும் விமானப்படையும் ஒரே இடத்தில். இந்திய இராணுவத்தில் போனவர்களின் பெயர்களும் அங்கே உண்டு. 1917இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறைகள் ஆணைக்குழு வகுத்துக்கொண்ட கொள்கை எளிமையானது. இறந்த ஒவ்வொருவருக்கும் பெயர் பொறிக்கப்படவேண்டும், அதிகாரி சிப்பாய் என்ற பேதம் பார்க்கக்கூடாது. நடைமுறையில் எல்லா நாட்டிலும் அவர்கள் அதைச் சரியாகச் செய்துவிடவில்லை என்பது வேறு கதை. ஆனால் கொள்கையைக் கவனியுங்கள். உடல் கிடைக்கவில்லை என்பதற்காக ஆள் இல்லாமல் போய்விடுவதில்லை. ஒரு பெயரும், விசாரித்துச் சொல்லும் ஒரு பதிலும் அந்த வீட்டுக்குக் கடமைப்பட்டது.

பதில் கிடைக்காதபோது அந்த இடத்தைச் சந்தேகம் வந்து நிரப்பும். இதற்கு சோவியத் நாட்டின் இரண்டு பெண் விமானிகளின் கதை போதும்.

லிடியா லித்வியாக் என்ற பெண் 21 வயதிலேயே பகை விமானங்கள் பலவற்றை வீழ்த்தியவர். 1943 ஓகஸ்ட் 1ஆம் திகதி பறந்துபோனார், திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் எதிரியிடம் பிடிபட்டிருப்பாரோ என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டது. அக்காலத்தில் அந்த நாட்டில் பிடிபடுவதே குற்றம்போலப் பார்க்கப்பட்டது. அவருக்கு உரிய அதியுயர் விருது 1990இல்தான் வழங்கப்பட்டது. ஒரு பெண்ணின் பெயரில் விழுந்த சந்தேகத்தைத் துடைக்க 47 வருடங்கள் எடுத்தன.

அன்னா யெகோரோவா என்ற மற்றப் பெண்ணின் விமானம் 1944 ஓகஸ்டில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் இறந்துவிட்டார் என்று தாய்க்கு அறிவித்தல் போனது. உண்மையில் எரிகாயங்களோடு ஜேர்மனியரின் சிறைமுகாமில் உயிரோடு இருந்தார். 1945இல் விடுதலையானதும் சொந்த நாட்டுப் புலனாய்வினரே அவரைப் பல நாள் விசாரித்தார்கள். "ஏன் உயிரோடு வந்தாய்?" என்பதுதான் அந்த விசாரணையின் சாரம். அவருக்கான கௌரவம் 1965இல்தான் கிடைத்தது.

வராதவளுக்கும் சந்தேகம், வந்தவளுக்கும் சந்தேகம். சகோதரிகளே, இது எங்களுக்குப் புதிய கதையா? போராட்டத்தில் இருந்துவிட்டு, புனர்வாழ்வு முடிந்து வீடு திரும்பிய எத்தனை பெண்பிள்ளைகளை எங்கள் ஊர்களே விலத்தி வைத்தன? கலியாணம் பேசும்போது, வேலை கேட்கும்போது, "அவ இயக்கத்திலை இருந்தவ" என்று காதோடு காது சொல்லிக் குழப்பியவர்களில் பெண்களும் இருந்தோம். புலனாய்வுக்காரர் வந்து வாசலில் நின்றதைவிட, பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்தியது தான் தனக்கு வலித்தது என்று ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னாள். சோவியத் பெண்களின் யுத்த அனுபவங்களைக் கேட்டு எழுதி, 2015இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வெத்லானா அலெக்சியேவிச் என்ற எழுத்தாளரும் இதைத்தான் பதிவுசெய்தார். ஊருக்குத் திரும்பிய பெண்கள் தங்கள் பதக்கங்களை ஒளித்துவைத்தார்களாம். ஊர்ப் பெண்களின் வாய்க்குப் பயந்து. இந்த ஒரு விடயத்தை மாற்ற அரசாங்கமோ சர்வதேசமோ தேவையில்லை. எங்கள் வாயை நாங்கள் அடக்கினால் போதும்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இலங்கையில் காணாமற்போனோர் பற்றி 1990 தொடக்கம் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்திடம் பதியப்பட்ட முறைப்பாடுகள் 16,000க்கும் அதிகம். அதில் 5,000க்கும் அதிகமானவை படையினரும் பொலிசாரும் பற்றியவை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி எங்கள் தாய்மார் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடர்ந்தார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடியவர்கள் பலர். 2022 மார்ச்சில் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஒரே தடவையில் கொடுப்பதற்கு அமைச்சரவை அனுமதித்தபோது, "காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கோ" என்று வன்னித் தாய்மார் மறுத்தார்கள். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு அப்படி மறுப்பதற்கு எவ்வளவு திடம் வேண்டும்! அதேவேளை, பிள்ளைகளின் படிப்புக்காக உதவியை வாங்கிய தாயையும் நான் குறைசொல்ல மாட்டேன். வாங்குவதும் மறுப்பதும் அந்தந்தத் தாயின் முடிவு. அவளைத் துரோகி என்றோ ஏமாளி என்றோ சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

என்னிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுக்கும் இங்கே விளக்கம் சொல்லவேண்டும். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் பின்னர், காணாமற்போனவரின் குடும்பம் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். இது "இறந்துவிட்டார்" என்று சொல்லும் பத்திரம் அல்ல. "ஆளைக் காணவில்லை" என்று அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் பத்திரம். பிள்ளைகளின் பாதுகாவல், காணி பூமி, வங்கி, சமூக நலக் கொடுப்பனவு போன்ற அலுவல்களுக்கு இதைக் காட்டலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னர் அது எந்தச் சான்றிதழ் என்பதை வாசித்துப் பாருங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. அவசரப்படுத்தினால், "வீட்டிலை கதைச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள்.

அடுத்தது, நீங்களே இன்று செய்யக்கூடிய வேலை. 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாழ்க்கக் கிடங்கு வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. பின்னர் நடந்த அகழ்வுகளில் 50க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. கூடவே உடைகளும், இலக்கத் தகடுகளும். கடலடியிலிருந்து வந்த உடை யாழ்ப்பாணத்தில் சாட்சி சொன்னதுபோல, மண்ணிலிருந்து வரும் உடையும் தகடும் ஒருநாள் சாட்சி சொல்லக்கூடும். அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஞாபகம் எழுத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் ஆளின் முழுப்பெயர், பிறந்த திகதி, உயரம் எழுதுங்கள். பல்லு எதுவும் விழுந்திருந்ததா, அடைத்திருந்ததா? சின்ன வயதில் கை கால் முறிந்ததா? உடம்பில் செல் துண்டு, சன்னம் எதுவும் இருந்ததா, எந்தப் பக்கம்? கடைசியாகக் கண்ட இடம், நாள், நேரம், கூட நின்றவர்கள், போட்டிருந்த உடுப்பின் நிறம், செருப்பு, கழுத்தில் கையில் இருந்தவை, இலக்கம் ஏதும் தெரிந்தால் அந்த இலக்கம். எங்கெங்கே முறைப்பாடு கொடுத்தீர்கள், அதன் இலக்கம், திகதி. போட்டோக் கொப்பி எடுத்து ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு வீட்டிலும், மற்றதை நம்பிக்கையான உறவினரிடமும் வையுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பேரப்பிள்ளைக்கும் மாமா யார், பெரியம்மா யார் என்று தெரிய வரும். எங்களுக்கு வயது போகிறது. நாங்கள் கண்மூடினால் அந்த ஞாபகமும் எங்களோடு போய்விடும்.

கடைசியாக ஒன்று. அந்த மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிய இருவரும் இன்னமும் ஒரே கருத்துக்கு வரவில்லை, வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விமானத்தில் வந்து குண்டு போட்டவர்களுக்குக் கட்டளை கொடுத்தவர்கள் பதில் சொல்லவேண்டும் என்று கேட்கிற உரிமை அந்தச் சகோதரிக்கு என்றைக்கும் இருக்கிறது. விமானத்தோடு எரிந்துபோனவனின் தாய்க்காகவும் இரங்குகிற மனது அந்த அம்மாவுக்கு இருக்கிறது. நீதி கேட்பதற்கு இரக்கத்தைக் கைவிடத் தேவையில்லை. இரங்குவதனால் நீதியை விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது.

கண்டியில் ஒரு தாயும் கிளிநொச்சியில் ஒரு தாயும் கேட்பது ஒரே கேள்வி: என் பிள்ளைக்கு என்ன நடந்தது? அந்தக் கேள்வியை இரண்டு பக்கத்துத் தாய்மாரும் சேர்ந்து, ஒரே குரலில் கேட்கும் நாளில், பதில் தெரிந்தவர்கள் மௌனமாக இருப்பது கடினமாகும். அதுவரை கொப்பியை எழுதி முடியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.